டிபியில் வந்தவர்களுக்கு இங்கே தனி வாழ்க்கை உண்டா?

கேள்வி, 3 ஆகஸ்ட் 2025

"வெளிநாடு போனால் புதிதாகத் தொடங்கலாம், ஆசைப்பட்டதைச் செய்யலாம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். கணவரோடு டிபியில் (வேலைக்கு வருகிறவரின் குடும்பத்தாருக்குத் தரும் டிபென்டன்ட் பாஸ்) சிங்கப்பூர் வந்து செங்காங்கில் இருக்கிறேன். ஊரில் கல்லூரியில் கணிதம் நடத்தினவள். இங்கே சமையல், துணி, மகனைப் பள்ளியில் விட்டு அழைத்து வருவது, அவ்வளவுதான். புது வாழ்க்கை என்பதெல்லாம் வேலையோடு வருகிறவர்களுக்குத்தான். இல்லை என்று சொல்ல முடிந்தால் சொல்லுங்கள்."

3 ஆகஸ்ட், இரவு 10.40

நீங்கள் சொல்வதில் பாதி உண்மை. அதை மறைத்துவிட்டு "முயன்றால் முடியாதது இல்லை" என்று பேசுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வரும். 1 மே 2021 வரைக்கும் டிபியில் இருப்பவரை ஒரு நிறுவனம் எடுக்க நினைத்தால் மனிதவள அமைச்சிடம் எல்ஓசி என்ற ஒப்புதல் கடிதம் வாங்கினால் போதும். அதற்குப் பிறகு நமக்கென்று தனியாக ஒரு வேலை பாஸ் வேண்டும். சம்பள வரம்பு, கோட்டா (ஒரு நிறுவனத்தில் இத்தனை வெளிநாட்டினர்தான் என்ற அளவு), லெவி (அவர்களுக்காக முதலாளி அரசுக்குக் கட்டும் தொகை) எல்லாம் மற்ற வெளிநாட்டினருக்கு எப்படியோ நமக்கும் அப்படியே. கதவு சின்னதாகிவிட்டது. அது உங்கள் திறமைக் குறைவு இல்லை.

மீதிப் பாதியை ஒப்புக்கொள்ள மாட்டேன். நான் 2012இல் வந்தேன். மன்னார்குடிக்காரி. பி.காம் முடித்து கும்பகோணத்தில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு பார்த்தவள். இங்கே எல்ஓசியில் ஊபி பக்கம் ஒரு சரக்கு நிறுவனத்தில் இன்வாய்ஸ் போட்டுக்கொண்டிருந்தேன். இப்போது ஈசூனில் ஒரு பாலர் பள்ளியில் தமிழாசிரியை. இடையில் நடந்ததை நேரம் கிடைக்கும்போது எழுதுகிறேன், ஒரே நாளில் எழுத முடியாது.

4 ஆகஸ்ட், காலை 6.15

வேலைக்குக் கிளம்பும் முன் கணக்கை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

2025 நிலவரப்படி, இபி (எம்ப்ளாய்மென்ட் பாஸ்) என்றால் மாதம் குறைந்தது 5,600 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) சம்பளம் காட்ட வேண்டும், நிதித் துறையில் 6,200. வயது கூடக்கூட வரம்பும் கூடும். அதற்கு மேல் கம்பாஸ் என்று ஒரு மதிப்பெண் முறை, 40 புள்ளி எடுக்க வேண்டும். அதற்கு அடுத்த நிலை வேலை பாஸான எஸ் பாஸுக்கு 2025 ஆகஸ்ட் வரை 3,150. செப்டம்பர் 1 முதல் புதிதாக விண்ணப்பிப்பவர்களுக்கு 3,300. சேவைத் துறையில் நிறுவனத்தின் மொத்த ஆட்களில் 10 விழுக்காடுதான் எஸ் பாஸ்காரர்கள் இருக்கலாம். ஒவ்வொருவருக்கும் முதலாளி கட்டுகிற லெவி அதே தேதியிலிருந்து எல்லாருக்கும் 650 வெள்ளி. சிறிய டியூஷன் நிலையங்கள் உங்கள் விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு ஏன் பதிலே போடுவதில்லை என்பது இதில் புரியும்.

இன்னொன்று. வீட்டிலேயே நாலு பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தரலாமே என்று அக்கம்பக்கத்தில் நிச்சயம் சொல்லியிருப்பார்கள். காசு வாங்கிக்கொண்டு பாஸ் இல்லாமல் செய்தால் அது சட்டப்படி வேலை. 20,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். அதோடு திருப்பி அனுப்பிவிட்டால் மறுபடி உள்ளே வருவதே பெரும்பாடு. "எல்லாரும் செய்கிறார்கள்" என்பதை நம்பாதீர்கள்.

6 ஆகஸ்ட், இரவு 11.05

"அப்படியானால் நீங்கள் எப்படி மாறினீர்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். சம்பளம் இல்லாத இடத்தில் தொடங்கினேன்.

அலுவலகத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நல்ல மனிதர்கள். ஆனால் மாலை ஐந்து மணிக்குக் கணினியை அணைக்கும்போது அன்றைக்கு நான் செய்ததில் எதுவும் மனதில் நிற்காது. சின்ன வயதிலிருந்து டீச்சராக வேண்டும் என்றுதான் ஆசை. வீட்டில் "பி.காம் படி, உடனே வேலை" என்றார்கள், படித்தேன். இங்கே வந்த பிறகு ஒன்று உறைத்தது. நான் என்ன ஆக வேண்டும் என்று தீர்ப்புச் சொல்ல இந்த ஊரில் யாரும் இல்லை. சித்தப்பா இல்லை, எதிர்வீட்டு மாமி இல்லை. தனிமை என்று முதலில் அழுததே அதற்காகத்தான். பிறகு அதே தனிமை எனக்கு இடம் விட்டது.

வீட்டுப் பக்கத்து நூலகத்தில் பிள்ளைகளுக்குக் கதை சொல்லத் தொண்டூழியர்கள் தேவை என்று பார்த்துப் பெயர் கொடுத்தேன். சனிக்கிழமை காலை. முதல் நாள் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு வாசித்தேன், பிள்ளைகள் தரையில் உருண்டார்கள். அடுத்த வாரம் என் கணவரின் ஜோடி தொலைந்த கறுப்புக் காலுறையில் காக்காய் செய்தேன். தேக்காவில் தையல் சாமான் கடையில் வாங்கிய இரண்டு வெள்ளைப் பித்தான்கள் கண், குதிகால் வருகிற இடத்தில் மஞ்சள் அட்டையை மடித்துத் தைத்து அலகு. கட்டைவிரலை அசைத்தால் வாய் திறக்கும். ஒரு பையன் வாரக்கணக்கில் வந்து உட்காருவான், ஒரு சொல் தமிழ் பேச மாட்டான். வீட்டில் ஆங்கிலம்தான் என்று அவன் அம்மா சொல்லியிருந்தார். அன்றைக்கு என்னைப் பார்க்கவே இல்லை, காக்காயின் கண்ணைப் பார்த்து, "நீ சாப்டியா?" என்றான். பாட்டி சொல்லிக் கேட்டிருப்பான் போல. அந்த நிமிஷம்தான் எனக்கு வேலை மாறியது. பாஸ், சான்றிதழ் எல்லாம் அதற்கு எவ்வளவோ பிறகு வந்தவை.

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் ஐந்து வயதுக்கு மேற்பட்ட குடியிருப்பாளர்களில் 2.5 விழுக்காடு. பத்தாண்டுக்கு முன் 3.3. ஆட்சிமொழியாக இருக்கிற மொழி, பள்ளியில் பாடமாக இருக்கிற மொழி, வீட்டை விட்டு நகர்ந்துகொண்டிருக்கிறது. வாயில் தமிழ் புரளும் நம்மைப் போன்றவர்களுக்கு இங்கே ஒரு தேவை இருக்கிறது. ஊரில் இருந்திருந்தால் என் தமிழ் யாருக்கும் வேண்டியிருக்காது.

7 ஆகஸ்ட், மதியம்

இட்லி மாவு, முறுக்கு விற்பது பற்றிக் கேட்டவருக்கு: குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் சிறிய அளவில் செய்யலாம். டிபிக்கு அந்தச் சலுகை இல்லை. சொந்தத் தொழில் செய்து எல்ஓசி வாங்க ஒரு வழி இருக்கிறது: தனி உரிமையாளராகவோ பங்காளியாகவோ, அல்லது குறைந்தது 30 விழுக்காடு பங்குள்ள இயக்குநராகவோ பதிந்துகொண்டு, ஒரு சிங்கப்பூரரையோ நிரந்தரவாசியையோ குறைந்தது 1,600 வெள்ளிக்கு (2025 நிலவரம்) வேலைக்கு வைத்து, மூன்று மாதம் மத்திய சேமநிதி கட்டியிருக்க வேண்டும். முறுக்கு விற்று மாதம் 1,600 கொடுத்து மிஞ்சுமா என்று முதலில் ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். மிஞ்சும் என்றால் தயங்க வேண்டாம்.

9 ஆகஸ்ட், தேசிய தினம், மாலை

விடுமுறை, கொஞ்சம் நீளமாக எழுதலாம்.

இன்றைக்கு மனதில் ஓடியது நடனமணி சாந்தா பாஸ்கர். கேரளத்திலிருந்து 1955இல், பதினாறு வயது வாக்கில், திருமணமாகி இங்கே வந்தவர். கணவர் கே.பி. பாஸ்கர் 1952இல் தொடங்கிய நடனப் பள்ளி இருந்தது. அவர் கணவருக்குத் துணையாக மட்டும் நின்றிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். 1958இல் சீனர்களின் பட்டாம்பூச்சிக் காதலர் கதையைப் பரதநாட்டியத்தில் கொண்டுவந்தார். 1990இல் கலாசாரப் பதக்கம். 2022இல் மறையும்வரை நடனம்தான். ஊரில் கற்ற கலையை விடவில்லை, அதே நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரரின் கதை என்ன என்று கேட்டார். வெளிநாட்டில் புதிதாக ஆவது என்றால் எனக்கு அதுதான் அளவுகோல்.

இதற்கு ஒருவர் "அந்தக் காலத்தில் டிபி, எல்ஓசி தொல்லை ஏது?" என்று எழுதியிருக்கிறார். நியாயம். ஆனால் அந்தக் காலத்தில் அந்த வயதுப் பெண்ணுக்கு மொழி தெரியாது, விமானத்தில் ஊருக்கு ஓடிப்போய் அம்மாவைப் பார்த்து வர முடியாது. தடை வேறு வடிவத்தில் இருந்தது.

10 ஆகஸ்ட், ஞாயிறு

துவாஸில் கட்டுமான வேலை பார்க்கும் தம்பி கேட்டிருக்கிறார்: "அக்கா, டிபிக்காரங்க கதையை விடுங்க, வேலை பெர்மிட்டில் வந்தவனுக்கு என்ன கனவு?"

தம்பி, உங்கள் கதை இன்னும் கடினம், எனக்கு அது சொந்த அனுபவம் இல்லை. என் மாமா மகன் வந்த வழியை மட்டும் சொல்கிறேன். ஊரில் ஸ்கில் அடித்து (திறன் தேர்வில் தேறி), ஏஜென்ட்டுக்குக் கடன் வாங்கிக் கட்டி வந்தவன். கடன் அடையும்வரை ஓவர்டைம் தவிர எதையும் நினைக்கவில்லை, நினைக்கச் சொல்லவும் எனக்கு மனசு வரவில்லை. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் லிட்டில் இந்தியாவுக்குப் போய் முதலில் ஆங்கிலம், பிறகு பாதுகாப்பு மேற்பார்வை கோர்ஸ். இப்போது சைட்டில் காலைக் கூட்டத்தில் அவன்தான் பேசுகிறான். டார்மில் (ஊழியர் விடுதியில்) மேல் கட்டிலில் படுத்துக்கொண்டு போன் வெளிச்சத்தில் படித்தவன்.

இரண்டு விஷயம் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 2025 ஜூலை 1 முதல் வேலை பெர்மிட்டுக்கு "இத்தனை வருஷம்தான்" என்ற உச்ச வரம்பு எடுக்கப்பட்டுவிட்டது, வயது வரம்பும் 60இலிருந்து 63 ஆகிவிட்டது. படித்தால் பயன்படுத்த ஆண்டுகள் இருக்கின்றன. அடுத்தது, கட்டுமானத்தில் பெர்மிட் முடிவதற்கு முன் 40ஆம் நாளிலிருந்து 21ஆம் நாள் வரை புது முதலாளி, பழைய முதலாளியின் சம்மதம் இல்லாமலே விண்ணப்பிக்கலாம். பெர்மிட் தேதியை போனில் குறித்து வையுங்கள். பணம் கட்டும் முன் அந்தப் பயிற்சி நிலையம் அங்கீகாரம் பெற்றதா என்று அமைச்சின் இணையத்தளத்தில் பாருங்கள், சுவரில் ஒட்டிய நோட்டீஸை நம்பிக் கட்டாதீர்கள்.

எழுத்தில் ஆசை இருந்தால், 2014இல் இங்கே புலம்பெயர்ந்த ஊழியர்களுக்கென்றே ஒரு கவிதைப் போட்டி தொடங்கினார்கள். முதல் ஆண்டு வென்றவர் வங்காளதேசத்திலிருந்து வந்த கட்டுமானத் துறை ஊழியர் ஜாகிர் ஹுசைன் கோகன். பிறகு தமிழிலும் எழுதினார்கள்.

13 ஆகஸ்ட், இரவு

முதலில் எழுதியதை மறுபடி படித்தேன். "சம்பளம் இல்லாத இடத்தில் தொடங்கினேன்" என்பது அழகாக இருக்கிறது, ஆனால் அதற்குள் ஒரு வசதி இருந்தது. அன்று என் கையில் எல்ஓசி வேலை, கணவர் சம்பளம், இரண்டும் இருந்தன. பாலர் பள்ளி ஆசிரியைப் படிப்புக்கு மாலை வகுப்பு, முழுக் கட்டணம் கையிலிருந்து. ஸ்கில்ஸ்ஃபியூச்சர் என்ற அரசுப் பயிற்சித் திட்டக் கணக்கில் 500 வெள்ளி என்று விளம்பரம் பார்த்து ஆசைப்படுகிறோமே, அது 25 வயது நிரம்பிய குடிமக்களுக்கு மட்டும். நிரந்தரவாசிகளுக்குக் கட்டணத்தில் மானியம் கிடைக்கும். டிபிக்கு ஒன்றும் இல்லை. பேருந்தில் ஈசூனிலிருந்து வகுப்புக்குப் போகும்போது எத்தனை கிராம் நகை இது என்று மனது கணக்குப் போடும்.

அதனால் சொல்கிறேன், வீட்டில் கடன் இருந்தால் முதலில் கடன். ஆசையைத் தள்ளிப்போடுவது ஆசையைக் கொல்வது ஆகாது.

16 ஆகஸ்ட், அதிகாலை

தூக்கம் வரவில்லை, இதை எழுதிவிடுகிறேன். 2021இல் எனக்கு நடந்ததை நான் இங்கே இன்னும் சொல்லவில்லை.

படித்து முடித்து ஒரு பாலர் பள்ளியில் எல்ஓசியில் சேர்ந்திருந்தேன். பிள்ளைகள் வாசலில் என் சத்தம் கேட்டால் ஓடிவருவார்கள். சட்டம் மாறியது. இருக்கிற எல்ஓசி முடியும் தேதி வரை ஓடும், அதற்குப் பிறகு வேலை பாஸ் எடுக்க வேண்டும். அந்தப் பள்ளி எடுக்க விரும்பவில்லை, கோட்டா இல்லை என்றார்கள். கடைசி நாளில் என் பொம்மைகளை ஒரு முஸ்தபா கடைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். ஒரு வருஷத்துக்கு மேல் வீடு.

அந்தக் காலத்தில் நான் கம்பீரமாக இருந்தேன் என்று சொல்ல மாட்டேன். காலையில் கணவரும் மகளும் போன பிறகு கதவைச் சாத்திவிட்டுச் சோபாவில் உட்கார்ந்தால் பதினொரு மணிக்குத்தான் எழுந்திருப்பேன். அம்மா போனில் "விடும்மா, மகளைப் பாத்துக்கிட்டாப் போதும்" என்பார். அன்போடுதான் சொன்னார், அதுதான் அதிகம் வலித்தது. என்னை எழுப்பியது மறுபடியும் நூலகச் சனிக்கிழமைதான். காசு வாங்காத வேலையை யாரும் பறிக்க முடியவில்லை. புதுக் கதைகள் எழுதினேன், நரி செய்தேன், ஆமை செய்தேன். ஏப்ரலில் தமிழ்மொழி விழா நடக்கும் அல்லவா, சமூக மன்றத்தில் ஒரு கதை நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டார்கள்.

2022 கடைசியில் நிரந்தரவாசம் கிடைத்தது. அது என் உழைப்புக்குக் கிடைத்த பரிசு இல்லை, கணவர் விண்ணப்பத்தோடு எனக்கும் வந்தது. கிடைக்காதவர்கள் எத்தனையோ பேர், என்னைவிடத் திறமைசாலிகள். ஆனால் கிடைத்தவுடனே என்னால் ஒரு பள்ளிக்குள் நுழைய முடிந்ததற்குக் காரணம் அந்த ஒரு வருஷம் கையை விடாமல் வைத்திருந்ததுதான். நேர்காணலில் பள்ளி முதல்வரான சீனப் பெண்மணி, "எனக்குத் தமிழ் தெரியாது, எனக்குப் புரிகிற மாதிரி ஒரு தமிழ்க் கதை சொல்லுங்கள்" என்றார். பையிலிருந்து காக்காயை எடுத்தேன்.

17 ஆகஸ்ட்

"கணவர் ஒத்துழைத்தாரா?" ஒத்துழைத்தார். சும்மா இல்லை, பேசிப் பேசித்தான். வகுப்பு நாட்களில் இரவுச் சமையல் அவருடையது என்று முடிவானது. முதலில் கோப்பிக்கடையில் பொட்டலம் கட்டி வந்தார், பிறகு ரசம் வைத்தார், இப்போது அவர் வைக்கிற காரக்குழம்பை மகள் என்னுடையதைவிட உசத்தி என்கிறாள். மாமியாரிடம் இதை நாங்கள் மறைக்கவில்லை. "என் பிள்ளை சமைக்கிறானா" என்று முகம் சுளித்தவர், ஊருக்குப் போனபோது அவர் கையால் சாப்பிட்டுவிட்டு அமைதியாகிவிட்டார்.

இந்தப் பேச்சைப் பேசாமல் சான்றிதழ் படிக்கப் போகாதீர்கள். இரண்டாவது வாரமே நின்றுவிடுவீர்கள்.

24 ஆகஸ்ட்

"நாற்பது தாண்டிவிட்டது, இனி எதற்கு" என்று எழுதியவருக்கு.

தமிழ் முரசு நாளிதழைத் தொடங்கிய கோ. சாரங்கபாணி திருவாரூரிலிருந்து 1924இல் இங்கே வந்தபோது பார்த்தது கணக்கு எழுதும் வேலை. முரசு வந்தது 1935இல். பதினொரு ஆண்டு இடைவெளி. கணக்குப் புத்தகத்திலிருந்து வந்தவள் என்பதால் எனக்கு அந்த மனிதர்மேல் தனிப் பிரியம். அந்த இடைவெளியில் அவர் சும்மா இருக்கவில்லை, சங்கங்களில் பேசினார், பத்திரிகைகளில் எழுதினார். பெயர் தெரிந்த பிறகுள்ள கதையை மட்டும் நாம் படிப்பதால் நமக்குத்தான் நேரமாகிவிட்டது என்று தோன்றுகிறது. இளம் வயதில் வந்தவர்தானே என்பீர்கள். சரி. என் வகுப்புத் தோழி ஒருவர் பேரன் பிறந்த பிறகு இந்தப் படிப்பில் சேர்ந்தார், பிள்ளைகள் அவரிடம்தான் முதலில் ஒட்டிக்கொள்வார்கள்.

2 செப்டம்பர்

கேள்வி கேட்டவர் தனியாக விவரம் எழுதியிருக்கிறார், அனுமதியோடு பதிலை இங்கே எழுதுகிறேன். நேற்று முதல் எஸ் பாஸ் 3,300 ஆகிவிட்டது. உங்களுக்குக் கணித முதுகலை, கற்பித்த அனுபவம் இருக்கிறது, ஆங்கிலம் நன்றாக வரும். உங்களைத் தமிழ் பாலர் பள்ளிக்கு இழுக்கப் பார்க்கவில்லை, அது என் ஆசை. உங்கள் ஆசை கணிதம். பெரிய டியூஷன் நிறுவனங்கள், பன்னாட்டுப் பள்ளிகள், இவற்றுக்குத்தான் கோட்டாவும் சம்பளமும் தாங்கும். சிறியவற்றை விட்டுவிடுங்கள். சிங்கப்பூர்ப் பிள்ளைகள் ஆரம்பப்பள்ளியில் கணக்கைப் படம் வரைந்து தீர்ப்பார்கள், எக்ஸ் என்று எழுதுவதற்கு முன்னாலேயே கட்டம் கட்டமாகப் போட்டு விடை கண்டுபிடிப்பார்கள். மகனின் வீட்டுப்பாடத்தில் பார்த்திருப்பீர்கள். அதைக் கற்றுக்கொள்ளுங்கள். கல்லூரியில் நடத்தியவர் என்ற நினைப்போடு போனால் பத்து வயதுப் பிள்ளை முன்னால் தடுமாறுவீர்கள். இந்தியச் சமூக உதவி அமைப்பான சின்டா, சமூக மன்றங்கள் இங்கெல்லாம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரத் தொண்டூழியர் வேண்டுமா என்று கேளுங்கள். உள்ளூர்ப் பாடத்திட்டம் அங்கே கைக்கு வரும், பரிந்துரைக்க நாலு பேரும் கிடைப்பார்கள்.

5 அக்டோபர்

நேர்காணல் வந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறார்! இன்றைக்கு முழுக்க இதை என் கணவரிடமே நாலு தடவை சொல்லிவிட்டேன்.

அவசரமாகச் சில. சான்றிதழ் கோப்பை மெலிதாக எடுத்துப் போங்கள், பட்டம், அனுபவக் கடிதம் போதும். மாதிரிப் பாடம் நடத்தச் சொல்வார்கள், பின்னம் எடுங்கள், அதுதான் இங்கே பிள்ளைகள் தடுக்கி விழும் இடம். பலகையில் எழுதுவதற்கு முன் கையில் கொடுக்க ஏதாவது கொண்டு போங்கள், மடிக்கிற காகிதப் பட்டை போதும். பாஸ் பற்றி அவர்கள் பேசும்வரை காத்திருக்க வேண்டாம், "நான் டிபியில் இருக்கிறேன், எனக்கு எஸ் பாஸோ இபியோ வேண்டும்" என்று முதலிலேயே சொல்லுங்கள். இல்லை என்றால் அன்றைக்கே தெரிந்துவிடும், மாதக்கணக்கில் போனைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். மகனை அன்று பள்ளியிலிருந்து அழைத்து வர ஆள் இல்லை என்றால் சொல்லுங்கள், எனக்கு வியாழன் மதியம் ஓய்வு, செங்காங் தூரமில்லை.

19 அக்டோபர்

அந்த இடம் கோட்டா இல்லை என்று சொல்லிவிட்டது. ஆனால் அங்கே மாதிரிப் பாடத்தைப் பார்த்தவர் இன்னொரு கிளைக்கு இவர் பெயரைக் கொடுத்திருக்கிறார், அடுத்த புதன் அழைப்பு. நான் என் பக்கத்தில் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தின் பகுதிநேரத் தமிழ் பி.ஏ.வுக்கு விண்ணப்பப் படிவம் நிரப்பிக்கொண்டிருக்கிறேன், பழைய மதிப்பெண் பட்டியலை மன்னார்குடியிலிருந்து தம்பி கூரியரில் அனுப்புகிறான். படிவத்தில் ஏன் இந்தப் படிப்பு என்று கேட்டிருக்கிறார்கள். அதை எழுதி முடித்துவிட்டு வருகிறேன், காகிதப் பட்டை பற்றி இன்னும் சந்தேகம் இருந்தால் அதற்குள் கேட்டு வையுங்கள்.